வாசிப்பை விடாத மகளுக்குப் புத்தகம் தெரிவு செய்வது எப்படி: 9 முதல் 13 வயது வரைக்குமான முழு வழிகாட்டி

வாசிக்கப் பஞ்சிப்படும் பிள்ளைக்குப் புத்தகம் தேடுவது ஒரு வேலை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் பிள்ளைக்குத் தேடுவது வேறு வேலை. இரண்டாவதுதான் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் தரம் ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில்தான் மெல்ல மெல்ல வாசிப்பை விடுகிறார்கள். கைபேசி மட்டும் இதற்குக் காரணமில்லை. தமிழில் சின்னஞ்சிறுசுகளுக்குப் படக்கதை இருக்கிறது, பெரியவர்களுக்கு நாவல் இருக்கிறது, நடுவில் உள்ள வயதுக்கான இறாக்கைதான் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமையை நிரப்ப நாம் வாங்கிக் கொடுப்பதெல்லாம் பொது அறிவுக் கொத்தும் நீதிக்கதைத் தொகுப்பும். இந்தப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கையிருப்பு தீராமல் பார்ப்பதும், வந்து சேரும் புத்தகம் அவளை அலுப்படிக்காமல் பார்ப்பதுமே உங்கள் பொறுப்பு.

முதலில் அவளுடைய வேகத்தை அளவுங்கள்

எத்தனை புத்தகம் தேவை என்று தெரியாமல் கடைக்குப் போனால் ஒன்றோ இரண்டோ வாங்கி வருவீர்கள், நாலு நாளில் அது முடிந்துவிடும். அவளுக்குப் பிடித்த ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் எத்தனை பக்கம் போகிறாள் என்று பாருங்கள். பரீட்சை பிடிப்பதுபோல் முன்னால் குந்தியிருக்க வேண்டாம், மணியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பத்து நிமிடத்தில் 6 பக்கம் என்றால் மணிக்கு 36 பக்கம். நாளுக்கு முக்கால் மணி வாசிக்கிறவள் 27 பக்கம் முடிப்பாள், மாதத்துக்கு ஏறக்குறைய 800 பக்கம். 120 பக்கப் புத்தகமென்றால் ஆறோ ஏழோ. விடுமுறையில் இது இரட்டிப்பாகும்.

மாதம் ஏழு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க நடுத்தரக் குடும்பத்தால் முடியாது, வாங்கத் தேவையுமில்லை. நூலகத்திலிருந்து நாலு, கூட்டாளிப் பிள்ளைகளிடமிருந்து இரண்டு, கடையிலிருந்து ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் அந்த ஒன்று, அவள் இரண்டாம் தடவையும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு தடவையோடு முடிந்துபோகும் புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறது.

பிடித்தது எது என்று நேரே கேட்காதீர்கள்

"உனக்கு என்ன மாதிரிப் புத்தகம் விருப்பம்?" என்று கேட்டால் "கதைப் புத்தகம்" என்பாள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவள் திரும்பத் திரும்ப எடுக்கும் இரண்டு புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு, "இதில எந்த இடத்தைத் திரும்பவும் வாசிப்பாய் மகள்?" என்று கேளுங்கள். அவள் திறந்து காட்டும் பக்கத்தில்தான் விடை இருக்கிறது. பிள்ளைகள் சண்டை பிடித்துக் கோபமாகித் திரும்பச் சேரும் இடத்தைக் காட்டினால் அவளுக்கு வேண்டியது உறவுகளைச் சொல்லும் கதை. பூட்டிய அறை, தொலைந்த திறப்பு, யார் எடுத்தது என்ற இடமென்றால் துப்பறியும் கதை. யானைக் கூட்டம் தண்ணீர் தேடிப் போகும் இடத்தைக் காட்டினால், கதையை விட்டு அறிவியலுக்கே போகலாம். பிள்ளை பேய்க்கதை கேட்டாளென்று பேய்க்கதையாக வாங்கிக் குவிப்பவர்கள் உண்டு. அவளுக்குப் பிடித்தது அந்தக் கதையில் வந்த அம்மம்மாவாக இருக்கலாம்.

பாதியில் விட்ட புத்தகத்தையும் கவனியுங்கள். முதல் பத்துப் பக்கத்துக்குள் விட்டிருந்தால் பெரும்பாலும் மொழி இடித்திருக்கும். நடுவில் விட்டிருந்தால் கதை தொய்ந்திருக்கும். முடிவுக்குக் கிட்டப் போய் விட்டிருந்தால் ஏதோ ஒன்று அவளைப் பயப்படுத்தியிருக்கும், அல்லது கவலைப்படுத்தியிருக்கும். அதை மட்டும் மெல்லமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கச் சோதனை

அட்டையில் போட்டிருக்கும் வயதை நம்ப வேண்டாம். அது விற்பனைக்காகப் போட்ட இலக்கம். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒரு விரலும் மடங்காவிட்டால் அது இளைப்பாற வாசிக்கும் புத்தகம். இரண்டு, மூன்று மடங்கினால் அவளுக்கு அளவானது. ஐந்தும் மடங்கினால் ஒரு வருடம் பொறுக்கலாம், அல்லது நீங்கள் கூட இருந்து வாசிக்கலாம். ஊர்ப் பெயர், ஆட்பெயர், முன்பின் வசனத்தைக் கொண்டு ஊகிக்கக்கூடிய சொல் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இந்தச் சோதனை நம் இலங்கைப் பிள்ளைகளிடம் பிழைத்துப் போகும் இடம் ஒன்று உண்டு. சந்தையில் கிடைக்கும் சிறுவர் நூல்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் அச்சானவை. அங்கே நோட்டு, இங்கே கொப்பி. அங்கே நாற்காலி, இங்கே கதிரை. எலுமிச்சை என்றால் தேசிக்காய், சோப்பு என்றால் சவர்க்காரம். சென்னைப் பேச்சு வழக்கில் உரையாடல் ஓடும் கதையில் முதற் பக்கத்திலேயே ஐந்து விரலும் மடங்கிவிடும். அது கடினமான புத்தகம் என்று தள்ளிவிடாதீர்கள். முதல் பத்துப் பக்கத்தை நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டினால் காது பழகிவிடும், மிச்சத்தை அவளே கொண்டுபோவாள்.

ஒரே நேரத்தில் மூன்று புத்தகம் கையில் இருக்கட்டும்: ஒன்று இலேசானது, ஒன்று அளவானது, ஒன்று கொஞ்சம் எட்டிப் பிடிக்க வேண்டியது. இலேசான புத்தகத்தைப் பார்த்து "இன்னும் குழந்தைப்பிள்ளைக் கதையா?" என்று கேட்பதுதான் பெற்றோர் செய்யும் மிகப் பெரிய கெடுதி. வேகமும் சுகமும் அதில்தான் வருகின்றன. 50 பக்கம் வாசித்தும் பிடிக்காவிட்டால் கீழே வைக்க அவளுக்கு உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமை இருந்தால்தான் கடினமான புத்தகத்தையும் துணிந்து எடுப்பாள்.

பதிப்பைப் பாருங்கள், மொழிபெயர்ப்பை வாசித்துப் பாருங்கள்

உள்ளட்டைக்குப் பின்பக்கம் பதிப்பு விபரம் இருக்கும். அதை வாசிக்காமல் காசு கொடுக்க வேண்டாம். முதற்பதிப்பு எந்த ஆண்டு, யார் மொழிபெயர்த்தது, எந்த மொழியிலிருந்து என்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத உலகப் புகழ் நாவலைத் திருப்பி வைத்துவிடலாம். 300 பக்க மூலம் 64 பக்கத்தில் வந்திருந்தால் அது கதைச் சுருக்கம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சுருக்கத்தைக் கொடுப்பது வீண். முடிவு தெரிந்துபோகும், பிறகு முழு நூலை எடுக்கவும் மாட்டாள். சர்வதேசத் தர நூல் எண் (ISBN) 978-955 அல்லது 978-624 என்று தொடங்கினால் இலங்கைப் பதிப்பு. 978-81, 978-93 என்றால் இந்தியப் பதிப்பு. இந்தியப் பதிப்பின் பின்னட்டையில் அந்நாட்டு விலை அச்சிட்டிருக்கும். கடைக்காரர் அதை எத்தனையால் பெருக்குகிறார் என்று கேளுங்கள். அன்றைய நாணய மாற்று விகிதத்தைக் கைபேசியில் பார்த்தால் நியாயமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பிறகு நடுவில் ஒரு பந்தியை வாய்விட்டு வாசியுங்கள். "அவன் தனது கைகளால் தனது முகத்தை மூடிக்கொண்டவனாக அழுதுகொண்டிருக்கும் நிலையில் காணப்பட்டான்" என்று போனால் அந்தப் புத்தகம் வேண்டாம். அதே இடத்தை நல்ல மொழிபெயர்ப்பாளர் "முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்" என்று முடித்திருப்பார். முதல் வசனத்தைப் போல 150 பக்கம் வாசித்த பிள்ளையின் கட்டுரைக் கொப்பியிலும் அதே நோய் வந்து சேரும். இன்னோர் அடையாளம்: ஒரே ஆளின் பெயர் இரண்டு பக்கத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். யாரும் ஒழுங்காக மெய்ப்புப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை யாரும் அச்சிடலாம் என்பதால் அவற்றில் மலிவுப் பதிப்புகள் ஏராளம். கல்கியின் நாவல்கள் அப்படிப்பட்டவை. எழுத்து பொடியாக, தாள் பழுப்பாக, முதுகுப் பசை காய்ந்ததாக வரும் பதிப்பை 11 வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தால் கதைக்கு முன்பே கண் களைத்துவிடும். புத்தகத்தை நடுவில் நன்றாக விரித்துப் பாருங்கள். முதுகு "டக்" என்றால் மூன்றாவது பிள்ளையின் கைக்குப் போகுமுன் தாள் கழலும்.

எதையெல்லாம் கொடுக்கலாம்

நடுவயதுப் பிள்ளைக்கான தமிழ் நூல் குறைவு என்றாலும், தேடினால் கிடைக்கும். இந்திய சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் கொடுத்து வருகிறது. அந்தத் தமிழ்ப் பட்டியலே ஒரு நல்ல கடைச்சிட்டு. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் பெற்றது, விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025இல். விருது பெற்றதெல்லாம் உங்கள் பிள்ளைக்குப் பிடிக்க வேண்டுமென்றில்லை. ஆனால் ஒருவர் மெய்ப்புப் பார்த்து, ஒருவர் மதிப்பிட்டு வந்த புத்தகம் என்ற அளவுக்கு நம்பலாம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கோவலனும் சிலம்பும் அந்நியமில்லை. இன்னோர் ஊரில் சிலப்பதிகார உரைநடை ஒரு பாடநூல், இங்கே அது தெரிந்த கதையின் விரிவு. வடமோடிக் கூத்தில் அபிமன்யு விழுவதைக் களரியில் பார்த்தவள் ராஜாஜியின் 'வியாசர் விருந்து' போன்ற நூலை எட்டாம் தரத்துக்கு முன்பே கேட்பாள். கூத்துப் பருவத்தோடும் சடங்குப் பருவத்தோடும் சேர்த்துப் புத்தகத்தை நீட்டுங்கள், ஆறு மாதம் கழித்து நீட்டினால் அந்தச் சூடு இருக்காது. முஸ்லிம் வீடுகளில் நபிமார் வரலாறு கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் இதே வழிதான்: உம்மும்மா சொன்ன கதையின் முழு வடிவத்தைத் தேடிக் கொடுங்கள். ஆயிரத்தொரு இரவுக் கதைகள் என்றால் மட்டும் சிறுவர் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். முழுத் தொகுப்பு பெரியவர்களுக்கானது.

நாடகப் பிரதியும் வாசிக்கக் கூடியதே. மட்டக்களப்புப் பேராசிரியர் சி. மௌனகுரு எழுதிய 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகத்தை நாலு பிள்ளைகள் பாத்திரம் பிரித்து வாசித்தால் ஒரு பின்னேரம் போவது தெரியாது. மட்டக்களப்பைச் சேர்ந்த ஓ. கே. குணநாதனின் சிறுவர் கதைகளும் நூலகங்களில் தேடத்தக்கவை. ஊர்ச் சொல்லும் ஊர்ச் சாப்பாடும் அச்சில் வருவதைப் பிள்ளை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

வாழ்க்கை வரலாறு என்றால் ஒரு எச்சரிக்கை. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பற்றிய நூல் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிறுவன் என்ன விளையாடினான், எதில் தடுமாறினான், யாரோடு பிணங்கினான் என்று ஒரு பக்கமாவது இருக்கிறதா? பிறப்பு, பட்டம், பதவி, மறைவு மட்டும்தான் என்றால் அது பேச்சுப்போட்டிக்கு மனனம் செய்யும் குறிப்பு. அதைப் புத்தகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பெண்பிள்ளை என்றதும் கதை, கைவேலை, சமையல் என்று ஒதுக்கிவிடுவது இன்னும் போகவில்லை. வானியல், பறவை, இயந்திரம், சதுரங்கம், கடல் எல்லாம் அவளுக்கும்தான். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987 முதல் வரும் சிறுவர் அறிவியல் மாத இதழ், பழைய இதழ்களும் வாசிக்கத் தக்கவை. பறவைப் புத்தகம் வாங்கினால் குமண பறவைகள் சரணாலயத்துக்குப் போகும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கையில் கொடுங்கள். வாவியோரத்துக் கொக்கையும் நாரையையும் அதற்குள் பெயர் சொல்லிப் பழகிவிடுவாள்.

12 வயதை நெருங்கும்போது பெரிய நாவல் கேட்பாள். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். முதற் பாகத்தில் ஆட்களின் பெயரே குழப்பும், அங்கேயே விட்டவர்கள் அதிகம். அதற்கு முன் 'பார்த்திபன் கனவு' ஒரு தொகுதியோடு முடியும், கல்கியின் நடை பிடிக்கிறதா என்று அதில் பார்த்துவிடலாம்.

பாரமான விடயங்கள்

இந்த வயதில் மரணம், யுத்தம், உடல் பற்றிய புத்தகத்தை ஒளிக்கவும் கூடாது, அறியாமல் கையில் கொடுக்கவும் கூடாது. நீங்கள் முதலில் வாசியுங்கள். நேரமில்லையென்றால் கடைசி இரண்டு அத்தியாயத்தையாவது வாசியுங்கள், பாரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். யப்பானியச் சிறுமியின் பள்ளிக்கூடக் கதையான 'டோட்டோ சான்' 1981இல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது, பத்து வயதில் கொடுக்கலாம். ஆனால் அதில் ஒரு கூட்டாளி இறக்கிறான், கடைசியில் பள்ளிக்கூடம் குண்டுவீச்சில் எரிகிறது. ஆன் பிராங்கின் நாட்குறிப்புக்கு 12, 13 வயது வரை பொறுக்கலாம். எழுதத் தொடங்கும்போது அவளுக்கும் 13 வயதுதான். அவளுக்கு நேர்ந்த முடிவு அந்த நாட்குறிப்பில் இருக்காது, அதை நீங்கள்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். யுத்தத்திலோ 2004 கடல்கோளிலோ ஆளை இழந்த வீடென்றால், எந்தப் புத்தகம் எந்தப் பேச்சைக் கிளப்பும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தொடுகை, பாதுகாப்பு பற்றிய பேச்சுக்கு எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' உதவும், 2020இல் பால சாகித்திய விருது பெற்ற சிறுவர் நாவல் அது. பெரிய பிள்ளையாவது பற்றிய சுகாதார நூலை 9, 10 வயதிலேயே வாங்கி வையுங்கள், தேவை வந்தபின் வாங்கினால் பிந்திவிடும். அதைத் தெரிவு செய்ய ஒரு வழி: மாதவிடாய் எல்லோருக்கும் சரியாக 28 நாளில் வரும் என்று எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள். தொடக்க வருடங்களில் இடைவெளி 21 நாள் முதல் 45 நாள் வரை மாறலாம், 2 முதல் 7 நாள் நீடிக்கலாம். இதைச் சொல்லாத புத்தகம் பிள்ளையை வீணாகப் பயப்படுத்தும். தீட்டு, அசுத்தம் என்று பேசும் நூலும் வேண்டாம்.

வீட்டில் கிடக்கும் மாத நாவலை எடுத்து வாசித்துவிட்டாளா? பறிக்காதீர்கள், பறித்தால் அடுத்ததைக் கட்டிலுக்குக் கீழே வைத்து வாசிப்பாள். என்ன விளங்கியது என்று கேளுங்கள், மிச்சத்தை அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றுங்கள்.

எங்கே கிடைக்கும்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர் என்று எந்தப் பொது நூலகமானாலும் சிறுவர் பகுதியோடு நிற்க வேண்டாம், அதை இவள் ஒரு வருடத்தில் முடித்துவிடுவாள். நூல்கள் தூயி தசம எண்ணில், அதாவது விடயத்துக்கு ஓர் எண் என்ற முறையில், அடுக்கப்பட்டிருக்கும். அவளுக்கு ஆறு எண் போதும்: 398 நாட்டார் கதை, 523 வானியல், 598 பறவை, 910 பயணம், 920 வாழ்க்கை வரலாறு, 894.811 தமிழ் இலக்கியம். ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பெரியவர் பகுதியின் இறாக்கைகளிலும் உங்கள் உதவியில்லாமல் அவளே தேடுவாள். எத்தனை புத்தகம், எத்தனை நாள், பிணைக்கு யார் கையொப்பம் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும், அங்கத்துவப் படிவம் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் கண்காட்சியும் விலைக்கழிவும் நடக்கும். செப்டெம்பரில் கொழும்பில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி, போகிற உறவுக்காரரிடம் பட்டியலைக் கொடுத்துவிடலாம். "நல்லதாப் பார்த்து வாங்கி வாங்க மாமி" என்று மட்டும் சொன்னால் பொது அறிவுக் கொத்துத்தான் வரும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

இணையத்தில் நூலகம் இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாகத் தருகிறது, கடையில் கிடைக்காத பழைய சிறுவர் நூல்களை அங்கே தேடலாம். பல, பக்கத்தைப் படமெடுத்து ஏற்றியவை என்பதால் சின்னக் கைபேசியில் கண் வலிக்கும். கைபேசியைக் கிடையாகத் திருப்பி, அரைப் பக்கம் அரைப் பக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது மடிக்கணினியில் இறக்குங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நாலு படிநிலையில் உள்ளன. இந்தப் பிள்ளைக்கு நாலாம் நிலை மட்டும் பொருந்தும், மற்றவை தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்ட.

தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டில் கதைப் புத்தகத்தை அலுமாரியில் பூட்டும் வழக்கம் உண்டு. முழுவதும் பூட்ட வேண்டாம். அந்த ஆண்டில் மட்டும் நீண்ட நாவலை விட்டு, பத்துப் பக்கத்தில் முடியும் சிறுகதைகளாகக் கொடுங்கள். ஒரு கதை முடிந்ததும் கீழே வைக்க முடியும், தொடர்கதையில் அது நடக்காது.

மழைக்காலத்துக்கு முன்

ஒக்டோபர் முடியுமுன் புத்தகங்களைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, நிலத்திலிருந்து இரண்டடிக்கு மேல் வையுங்கள். நவம்பரிலிருந்து சுவர் ஈரம் குடிக்கும், சுவரோடு ஒட்டிய புத்தகத்தில்தான் பூஞ்சணமும் கறையானும் முதலில் ஏறும். நெருக்கி அடுக்காமல் ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்து முதுகுப் பசை வெடிக்கும். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் வைத்து, புத்தகத்தைச் சற்று விரித்து நிமிர்த்தி, மின்விசிறிக்கு முன்னால் நிறுத்துங்கள். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை தாளை மாற்ற வேண்டும். செய்தித்தாள் வைத்தால் அதன் மை பக்கத்தில் பதியும். முக்கால்வாசி காய்ந்ததும் மேலே பாரம் வைத்து இரண்டு நாள் அழுத்தினால் மீண்டும் தட்டையாகும்.